நானூற்றுப் பதினைந்தாம் வரி

என் வீட்டுக்காரருக்கு மறதி நோய் என்று டாக்டர் சொன்ன அன்று, திரும்பி வரும் வழியெல்லாம் அவர் ஆட்டோக்காரரிடம் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். அழுதது நான்தான். வாசலில் இறங்கியதும் என்னைப் பார்த்து, யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. நோயாளிக்கே இல்லாத கவலையை நான் ஒருத்தி சுமக்க வேண்டும் என்றால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

அவர் ஜக்கார்டு தறிகளுக்கு டிசைன் போட்டவர். சேலை பார்டரில் வரும் மாங்காயோ அன்னமோ, முதலில் கட்டம் போட்ட தாளில் வரைய வேண்டும். பிறகு அதைப் பார்த்து அட்டையில் ஓட்டை அடிக்க வேண்டும், அந்த ஓட்டைப்படிதான் தறி பூப்போடும். ஊடை நூல் ஒரு தடவை குறுக்கே போக ஓர் அட்டை. எங்களுக்குக் கல்யாணமான புதிதில் நான் தாளைப் பார்த்து "ரெண்டு விடு, மூணு அடி" என்று சொல்லிக்கொண்டே போவேன், அவர் அடித்துக்கொண்டே போவார். புதுப் பெண்டாட்டியிடம் பேச அவருக்கு வேறு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. நாங்கள் பழகியதே அப்படித்தான்.

அதில் மண்ணைப் போட்டது ஒரு கம்ப்யூட்டர். துபாயிலிருந்து வந்த தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர், தன் பிள்ளைக்கு வாங்கி வந்து அவன் சீண்டாமல் விட்டதை எங்கள் வீட்டில் தள்ளிவிட்டுப் போனார். கீபோர்டுதான் கம்ப்யூட்டரே. திரைக்கு டிவியில் மாட்ட வேண்டும், எழுதியதைச் சேர்த்து வைக்க டேப்ரிக்கார்டரில் மாட்ட வேண்டும். அவர் அதோடு வந்த புத்தகத்தைப் படித்துத் தானாகவே பேசிக் மொழியைக் கற்றுக்கொண்டார். கம்ப்யூட்டருக்குப் புரிகிற மொழி அது. மாங்காய் பார்டரை டிவியில் வரைந்து காட்டி, எந்த அட்டையில் எங்கே ஓட்டை என்று அதுவே சொல்லும்படி ஒரு புரோகிராம் எழுதினார். என் வேலை போயிற்று. அந்தப் பெட்டிக்கு நான் வைத்த பெயர் சின்ன வீடு. அவரும் கூச்சமே இல்லாமல் அக்கம்பக்கத்தில் அந்தப் பெயரையே சொல்லித் திரிந்தார்.

பிறகு பெரிய கம்ப்யூட்டர்கள் வந்தன, ஊரில் எல்லா டிசைன்காரர்களும் அதற்கு மாறினார்கள், இவரும் மாறினார். சின்ன வீடு பரண் ஏறியது. அதைப் பற்றி யாரும் வருத்தப்படவில்லை, நான் நிச்சயமாகப் படவில்லை.

நோய் வந்த பிறகு ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். வாலாஜாபாத்தில் ஒரு வைத்தியர் மூக்கில் எண்ணெய் விடுகிறார் என்றார்கள், விட்டுப் பார்த்தோம், தும்மல் வந்தது. எதிர் வீட்டம்மா திருப்புட்குழிக்குப் போய்ப் பயறு கட்டி வேண்டிக்கொள்ளச் சொன்னார். அது பிள்ளை வரத்துக்குப் போகிற கோயிலம்மா, இந்த வயதில் எனக்கு அது கிடைத்துவிட்டால் யார் வளர்ப்பது என்று கேட்டேன். அவர் கோபித்துக்கொண்டு சில நாள் பேசவில்லை. டாக்டர் மட்டும் உபயோகமாக ஒன்று சொன்னார். குணமாகாது, ஆனால் பழகிய வேலை எதையாவது செய்துகொண்டிருந்தால் கொஞ்சம் மெதுவாகப் போகும் என்றார். மெதுவாக என்ற அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நான் வீடு வந்தேன்.

கட்டத் தாளும் பென்சிலும் கொடுத்துப் பார்த்தேன். கை நடுங்கியது, கோடு கட்டத்தைத் தாண்டியது. அது அவருக்கே தெரிந்து பென்சிலை வீசினார். பெங்களூரில் இருக்கும் எங்கள் மகள்தான், அந்தப் பழைய பெட்டி இன்னும் இருக்கிறதா என்று கேட்டாள். லீவு போட்டு வந்து பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டினாள். அரசாங்கம் கொடுத்த இலவச டிவி ஒன்று மூலையில் கிடந்தது, அதில் மாட்டி, பழைய புரோகிராம் இருந்த கேசட்டை டேப்ரிக்கார்டரில் போட்டாள். கேசட் ஓடும்போது வரும் அந்தக் கீச்சுச் சத்தம் வீட்டை நிறைத்தது. அவர் உள்ளறையிலிருந்து தானாக எழுந்து வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "லிஸ்ட்" என்று அடித்தார். வரிவரியாக அந்தப் பழைய புரோகிராம் திரையில் ஏறியது. கை நடுங்கவில்லை. மகள் எழுந்து சமையலறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

இங்கே அந்த மொழியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அதில் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு நம்பர் உண்டு. 10, 20, 30 என்று பத்துப் பத்தாகத்தான் போடுவார்கள், பின்னால் இடையில் ஏதாவது நுழைக்க வேண்டும் என்றால் 15 என்று போட்டுக்கொள்ளலாம். அட்டை அடிப்பவர்களுக்கு இது புதிதல்ல. நாற்பத்தைந்தாம் அட்டைக்கும் நாற்பத்தாறுக்கும் நடுவில் ஒன்று தேவைப்பட்டால் 45ஏ என்று மையில் எழுதி வைப்பார்கள். வேலை முடியும்வரை யாரும் நம்பரை மாற்ற மாட்டார்கள். அட்டையை அவர்கள் அடையாளம் கண்டுகொள்வதே நம்பரை வைத்துத்தான்.

அன்று முதல் அவர் தினமும் காலையில் அந்தப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்தார். வெளியே அவருக்கு எல்லாம் குழம்பியது. கிழமை தெரியவில்லை, கழிவறைக் கதவு எது என்று தெரியவில்லை, சாப்பிட்டோமா என்று தெரியவில்லை. பெட்டிக்குள் மட்டும் எல்லாம் தெரிந்தது. மாங்காயின் மூக்கு எங்கே வளைகிறது என்று கேட்டால் நானூற்றுப் பத்து என்பார், லிஸ்ட் அடித்துப் பார்த்தால் அங்கேதான் இருக்கும். சோதித்துப் பார்க்கும் ஆசையில் நான் அடிக்கடி கேட்பேன். ஒரு தடவைகூடத் தவறியதில்லை. அந்த நம்பர்களை அவர் வாயால் கேட்பதில் எனக்கு அவ்வளவு நிம்மதி இருந்தது.

பிறகுதான் கவனித்தேன். பத்துக்கும் பத்துக்கும் நடுவில் புதுப்புது வரிகள் முளைத்துக்கொண்டிருந்தன. ரெம் என்று ஒரு சொல் உண்டு. அதை முன்னால் போட்டுவிட்டால் அந்த வரியில் என்ன எழுதினாலும் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போய்விடும், படிக்கிற மனுஷனுக்கு மட்டும்தான் அது. அதை வைத்து இவர், இங்கிலீஷ் எழுத்தில் தமிழாக எழுதி வைத்திருந்தார். 235இல், பாத்ரூம் லைட் சுவிட்ச் இடது பக்கம். 305இல், மஞ்சள் மாத்திரை சாப்பாட்டுக்கு அப்புறம். 322இல், அம்மா செத்துப்போயிட்டாங்க, தேடாதே. தான் மறக்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. யாரிடமும் சொல்லாமல், மறக்கக்கூடாததையெல்லாம் தனக்கு வழி தெரிந்த ஒரே இடத்தில் கொண்டுபோய் வைத்துக்கொண்டிருந்தார். முதல் நாள் அவருக்கு ஒன்றும் தெரியவில்லையே என்று அழுதவள், இத்தனையும் அவருக்குத் தெரியும் என்று அறிந்த அன்று அதைவிட அதிகம் அழுதேன்.

அந்தச் சமயத்தில் காலையில் அவருக்கு என்னை அடையாளம் தெரியாமல் போக ஆரம்பித்திருந்தது. சில நாள் தன் அக்கா என்று நினைத்துக்கொள்வார். சில நாள் வெறுமனே பார்ப்பார். மத்தியானத்துக்குள் சரியாகிவிடும். ஒரு நாள் நான் காப்பி கொண்டு போனபோது, என் முகத்தைப் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார், திரும்பி லிஸ்ட் 415 என்று அடித்தார். திரையில் அந்த ஒரு வரி வந்தது: காப்பி கொண்டு வரவ என் பொண்டாட்டி.

அதைப் படித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். முகம் தெளிந்திருந்தது. "இன்னா, சர்க்கரை போட்டியா?" என்று கேட்டார்.

அதன் பிறகு தினமும் அப்படித்தான். காப்பி, லிஸ்ட் 415, பிறகு நான். கல்யாணம் செய்து, பிள்ளை பெற்று, மாமியார் மாமனாருக்குச் செய்து கிழித்ததற்கெல்லாம் கடைசியில் ஒரு கம்ப்யூட்டர் சாட்சி சொன்னால்தான் செல்லும் என்று ஆகிவிட்டது என மகளிடம் போனில் சொல்லிச் சிரித்தேன். சிரித்தாலும், காப்பி டம்ளரோடு அந்த அறைக்குள் நுழையும்போது என் கண் அவர் விரல்களை விட்டு நகராது. அவர் அந்த வரியைப் படித்து முடிக்கும்வரை நான் யாருமில்லை. படித்துத் திரும்பியதும் எனக்கு உயிர் வரும்.

நாளாக ஆக நடுவில் இருந்த இடமெல்லாம் நிரம்பிக்கொண்டு வந்தது. நானூற்றுப் பத்துக்கும் இருபதுக்கும் நடுவில் ஒன்பது வரிதான் நுழைக்க முடியும், அந்த ஒன்பதும் ஆகிவிட்டது. என் பக்கத்திலேயே மகளை வைத்திருந்தார், மருமகனை வைத்திருந்தார், பால்காரரைக்கூட வைத்திருந்தார். சுற்றியிருந்த பத்துகளும் அதே கதிதான். ஒரு நாள் மத்தியானம் புதிதாக எதையோ நுழைக்கப் பார்த்து, நம்பர் இல்லாமல் வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கோபம் வரப்போகிறது, கீபோர்டைத் தூக்கி அடிக்கப்போகிறார் என்று பயந்து முறத்தைக் கீழே வைத்தேன்.

கோபம் வரவில்லை. முகத்தில் ஒரு நிதானம் வந்தது. வேலையை முடித்த அன்று மட்டும் அவர் முகத்தில் நான் பார்த்திருக்கிற நிதானம் அது. டிசைன் முழுசாகி, ஏ போட்ட அட்டைகளும் போதும் போதும் என்று ஆனபின், எங்கள் தொழிலில் கடைசியாக ஒன்று செய்வார்கள். பழைய நம்பர், ஏ, பி எல்லாவற்றையும் அடித்துவிட்டு, முதல் அட்டையிலிருந்து கடைசி அட்டைவரை புதிதாக வரிசை நம்பர் போடுவார்கள். பிறகு கயிற்றால் கோர்த்துத் தறிக்கு அனுப்பிவிடுவார்கள். கோர்த்த கட்டில் யாரும் கை வைப்பதில்லை.

கம்ப்யூட்டரிலும் அதற்கு ஒரு கட்டளை இருந்தது. ரீநம்பர். இத்தனை வருஷத்துக்கு அப்புறம், புத்தகத்தைப் பார்க்காமல், எழுத்துப் பிழை இல்லாமல் அதை அடித்தார். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. லிஸ்ட் போட்டுப் பார்த்தார். எல்லா வரிகளும் மறுபடி 10, 20, 30 என்று அழகாக நின்றன. ரன் என்று அடித்தார், மாங்காய் பார்டர் பிசகில்லாமல் திரையில் வரைந்துகொண்டு போயிற்று. கேசட்டை ஆரம்பத்துக்குச் சுற்றி, இருந்ததன் மேலேயே சேவ் செய்தார்.

"முடிஞ்சிச்சுமா. நம்பர் போட்டாச்சு, இனிமே கோத்துட வேண்டியதுதான்" என்றார்.

எனக்கு என்ன நடந்தது என்றே புரியவில்லை. புரியாததோடு விட்டேனா, சந்தோஷப்பட்டேன். அவராக ஒன்றை நினைவுபடுத்திக்கொண்டு, அவராகச் செய்து முடித்து எவ்வளவோ நாளாகியிருந்தது. மகளுக்குப் போன் போட்டு, அப்பா இன்று பழைய அப்பா மாதிரி இருக்கிறார் என்றேன். அவள் ஆபீசில் இருந்தாள், நல்லதும்மா, ராத்திரி பேசுகிறேன் என்றாள். அவருக்குப் பிடிக்கும் என்று பருப்புக் கீரையோடு அப்பளமும் பொரித்தேன்.

மறுநாள் காலை காப்பி கொண்டு போனேன். என்னைப் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார், லிஸ்ட் 415 என்று அடித்தார். ஒன்றும் வரவில்லை. மறுபடி அடித்தார். கர்சர் மட்டும் கண்ணைச் சிமிட்டியது. லிஸ்ட் 235 அடித்தார், ஒன்றுமில்லை. 305, ஒன்றுமில்லை. பாத்ரூம் சுவிட்ச் போயிற்று, மாத்திரை போயிற்று, அம்மா செத்த செய்தி போயிற்று. "அழிஞ்சிடுச்சு" என்றார். என்னிடம் சொல்லவில்லை, பெட்டியிடம் சொன்னார்.

எதுவும் அழியவில்லை. எல்லாம் உள்ளேதான் இருந்தது, வேறு நம்பரில். மகள் போனில் பொறுமையாக விளக்கினாள். புரோகிராமுக்குள் ஒரு வரி இன்னொரு வரியைக் கூப்பிடும் இடத்தில் எல்லாம் அந்தக் கட்டளை புது நம்பரை மாற்றிக் கொடுத்துவிடுமாம், அதனால்தான் மாங்காய் பிசகவில்லையாம். உள்ளே இருப்பதற்கெல்லாம் புது விலாசம் சொல்லிவிட்டது. வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஆளுக்குச் சொல்ல அதற்கு வழியில்லை. பழைய நம்பரைத் திரும்பக் கொண்டுவர முடியுமா என்று கேட்டேன். வேறு கேசட்டில் எடுத்து வைத்திருக்கிறாயா என்று அவள் கேட்டாள். இல்லை. அப்படியானால் முடியாதும்மா என்றாள். அவளைத் திட்டினேன், பாவம், அவள் என்ன செய்வாள்.

என் வரி 730இல் இருந்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் காட்டினேன். படித்தார், தலையாட்டினார், "ஆமா, நீதான்" என்றார். மறுநாள் காலை மறுபடி 415. எழுநூற்று முப்பது என்று சொல்லிக் கொடுத்தேன். சுவரில் எழுதி ஒட்டினேன், கிழித்துப் போட்டார். காப்பி டம்ளரில் ஒட்டினேன், அது என்ன விலையா என்று கேட்டார். புதிதாக ஒன்று அவருக்குள் போவது எப்போதோ நின்றுவிட்டது. இருந்ததெல்லாம் பழைய நம்பர்கள்தான், அவை இப்போது அவரை எங்கேயும் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. மாங்காய் மூக்கு எங்கே என்று கேட்டால் இன்னமும் நானூற்றுப் பத்து என்றார். அங்கே இப்போது வேறு என்னவோ இருந்தது. நான் கேட்பதை நிறுத்திக்கொண்டேன்.

மத்தியானத்தில் தெளிகிற வழக்கமும் குறைந்தது. இரண்டு மூன்று நாள் சேர்ந்தாற்போல் என்னை எந்த உறவும் சொல்லிக் கூப்பிடவில்லை. நோய் அதன் பாட்டுக்குத்தான் போகிறது, இந்த நம்பர் மாறாவிட்டாலும் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார். இருக்கலாம். ஆனால் எனக்கு மெதுவாக என்று ஒரு வாக்குக் கொடுத்திருந்தார், அதை இப்போது யாரிடம் கேட்பது?

கடைசியில் நானே ஒன்று செய்தேன். பத்தாவது படித்தவள்தான், ஆனால் இத்தனை நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில் ஒரு வரி அடிக்கிற அளவுக்குக் கற்றுக்கொண்டிருந்தேன். அவர் குளிக்கப் போன நேரத்தில் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து, ஒவ்வோர் எழுத்தாகத் தேடி, 415 போட்டு, ரெம் போட்டு, அவர் எழுதியிருந்ததை அப்படியே எழுத்து மாறாமல் அடித்தேன். காப்பி கொண்டு வரவ என் பொண்டாட்டி. என்னை நானே அவருக்கு எழுதிக் கொடுக்க வேண்டி வந்ததே என்று வெட்கமாகத்தான் இருந்தது. மற்ற வரிகளின் பழைய நம்பர் எனக்குப் பாதிதான் நினைவிருந்தது, அதனால் இது ஒன்று போதும் என்று நினைத்தேன். சேவ் செய்தேன்.

மறுநாள் காலை காப்பியோடு போனபோது அவர் ஏற்கனவே முழு லிஸ்டையும் போட்டு, மேலிருந்து கீழே வரி வரியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கோர்ப்பதற்கு முன் அட்டைக் கட்டைச் சரிபார்க்கிற பார்வை. நான் டம்ளரை நீட்டிக்கொண்டு பின்னால் நின்றேன். 415 வந்தது. படித்தார். என் பக்கம் திரும்புவார் என்று காத்திருந்தேன். திரும்பாமல் கீழே போனார். 730 வந்தது. அங்கே நின்றார். மேலே போய் 415ஐப் பார்த்தார், மறுபடி 730ஐப் பார்த்தார்.

"ரெட்டை அட்டை" என்றார்.

ஒரே அட்டை ஒரு கட்டில் இரண்டு தடவை வந்துவிட்டால் பூ கோணிக்கொள்ளும். அதைக் கண்டுபிடித்து, வரிசையில் ஒட்டாமல் நிற்பதை உருவிப் போட வேண்டியது அவர் வேலை. பத்துப் பத்தாக நின்ற வரிசையில் 415தான் ஒட்டாமல் நின்றது. அந்த மொழியில் ஒரு வரியை எடுத்துவிட வேண்டுமானால் வெறும் நம்பரை மட்டும் அடித்தால் போதும். 415 என்று அடித்தார். ரிட்டர்ன் தட்டினார். வரி போய்விட்டது. கேசட்டை ஆரம்பத்துக்குச் சுற்றி சேவ் செய்தார். கை நடுங்கவே இல்லை, அத்தனையும் சரியாகச் செய்தார்.

பிறகுதான் நான் நிற்பதைக் கவனித்தார். பதறி எழுந்து, தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்துகொண்டு, நாற்காலியை எனக்கு நகர்த்திப் போட்டார்.

"உக்காருங்கமா. அவ வெளிய எங்கியோ போய்க்கிறா, இப்ப வந்துடுவா" என்றார்.

சரி என்று உட்கார்ந்தேன்.